ஏணி எட்டவில்லை!

தோழா!

நாடகம் எழுதிப் பழகியவன் நான். திரை விலகியதும் காட்டுவதற்கு ஒரு காட்சி வேண்டும் எனக்கு. இன்று காட்டப்போகும் காட்சியை என் பேனா படைக்கவில்லை. கல்லாலும் இரும்பாலும் எழுப்பிய கட்டடத்தில், கன்னியரின் உயிரைக் கொண்டு காலம் எழுதிய காட்சி அது.

1911-ஆம் ஆண்டு, மார்ச்சுத் திங்கள் 25-ஆம் நாள், சனிக்கிழமை. மாலை மணி ஐந்தை நெருங்குகிறது. நியூயார்க் நகரில், வாஷிங்டன் சதுக்கத்துக்கு அருகே, பத்து மாடிக் கட்டடம் ஒன்று. அதன் மேல் மூன்று மாடிகளில் 'டிரையாங்கிள்' என்னும் ஆடைத் தொழிற்சாலை. பெண்கள் உடுத்தும் மேற்சட்டை அங்கே தயாராகிறது. தைப்பவர்களும் பெரும்பாலும் பெண்கள்தாம். இத்தாலியிலிருந்தும், உருசியப் பேரரசின் யூதக் குடியிருப்புகளிலிருந்தும் பிழைப்புத் தேடிக் கடல் கடந்து வந்த குடும்பங்களின் குமரிகள். பதினாறு, பதினெட்டு, இருபது வயது. வேலை முடியும் நேரம். வீட்டு நினைப்பு நெஞ்சில். விரல் மட்டும் ஊசி முனையில்.

எட்டாவது மாடியில், துணிக்குவியலில், ஒரு பொறி!

பொறி தீயாயிற்று, தீ சுவராயிற்று. ஒன்பதாவது மாடியில் இருந்தவர்கள் படிக்கட்டுக் கதவை நோக்கி ஓடினார்கள். கதவு பூட்டிக் கிடந்தது. ஏன் பூட்டினார்கள்? வீடு திரும்பும் பெண்கள் துணித்துண்டு எதையும் எடுத்துச் சென்றுவிடக் கூடாதாம்! ஒரே வாயில் வழியாக வரச்செய்து, பையைச் சோதித்து அனுப்ப வேண்டுமாம்! துண்டுத் துணியைக் காக்கப் பூட்டு இருந்தது. துடிக்கும் உயிரைக் காக்கச் சாவி இல்லை!

வெளிப்புறத்து இரும்புப் படிக்கட்டு பாரம் தாங்காமல் முறிந்து வீழ்ந்தது. வேறு வழியின்றிச் சாளரத்தின் விளிம்பில் வந்து நின்றார்கள். முதுகுப்புறம் தீ. முன்புறம் வெளி.

அப்போது கீழே மணியோசை! குதிரைகள் நுரை தள்ளப் பாய்ந்து வருகின்றன. நகரத்தின் நம்பிக்கை சக்கரங்களின் மீது வருகிறது. அதோ, ஏணி வண்டி! கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. ஏணி எழுகிறது. மூன்றாம் மாடி... நான்காம் மாடி... ஐந்து... ஆறு...

நின்றுவிட்டது, தோழா! ஏணி ஆறாவது மாடியோடு நின்றுவிட்டது. எரிந்தது எட்டாவது மாடி. அதற்கும் மேலே ஒன்பதாவது. அந்த இடைவெளியைக் கண்களால் அளந்து பார்த்த பெண்கள், குதித்தார்கள். பிடிப்பதற்கு விரித்த வலைகள், விழுந்த வேகம் தாங்காமல் கிழிந்தன. ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. 146 உயிர்கள்!

அந்நகரின் தீயணைப்புப் படைத் தலைவர் எட்வர்டு குரோக்கர் முன்னரே எச்சரித்திருந்தார். ஏறத்தாழ ஏழாவது மாடிக்கு மேல் தம் படையால் திறம்படப் போராட இயலாது என்று எடுத்துச் சொல்லியிருந்தார். கேட்டார்களா? கட்டடங்கள் பத்து, இருபது, முப்பது என்று வளர்ந்தன. வாடகை வளர்ந்தது, இலாபம் வளர்ந்தது. ஏணி மட்டும் வளரவில்லை!

தொழிற்சாலையின் முதலாளிகள் மாக்ஸ் பிளாங்க், ஐசக் ஹாரிஸ் எனும் இருவர். அவ்வாண்டு டிசம்பரில் நீதிமன்றம் அவர்களைக் குற்றமற்றவர்கள் என விடுவித்தது. 1914-இல் இழப்பீட்டு வழக்கு முடிந்தபோது, மாண்ட ஓர் உயிருக்கு அவர்கள் தந்தது 75 டாலர்.

'அமெரிக்கத் தீயின் கதை நமக்கு ஏன்?' என்று கேட்பாய். சொல்கிறேன்.

ஆட்சியில் அமர்ந்திருப்போர், எந்த நாட்டினராயினும், மக்கள் முன் நின்று மார்தட்டும்போது காட்டுவது எது? இயந்திரம்! இத்தனை இலட்சத்தில் வாங்கினோம், இத்தனை டன் எடை, இத்தனை குதிரைத் திறன் என்று அடுக்குவர். பளபளக்கும் செந்நிற வண்டிக்கு மாலை இடுவர், படம் எடுப்பர். நாமும் வாய் பிளந்து நிற்போம். வாய் பிளந்து நிற்கும் நேரத்தில் கேட்க வேண்டிய கேள்வியை மறந்துவிடுவோம். வண்டி எவ்வளவு பெரிது என்பதா கேள்வி? தீ மூண்ட குடிசைக்கு அது எத்தனை நிமிடத்தில் வந்து சேரும் என்பதன்றோ கேள்வி!

இந்தக் கேள்வியைக் கையில் ஏந்தி, உலகின் மிகப் பெரிய தீயணைப்புப் படைகளுள் ஒன்றான நியூயார்க் படையின் வண்டிகளைப் பார்வையிடுவோம், வா.

தொடக்கத்தில் அந்த நகரத்துக்குக் கூலி பெறும் தீயணைப்புப் படை இல்லை. தொண்டர் குழுக்கள் இருந்தன. கையால் அழுத்தி நீர் இறைக்கும் வண்டியைத் தோளாலும் கயிற்றாலும் இழுத்து ஓடினார்கள். வீரர்கள்தாம், மறுப்பதற்கில்லை. ஆனால் வண்டியைச் சுற்றி வீரம் மட்டுமா சேர்ந்தது? குழு சேர்ந்தது, குழுவைச் சுற்றி வாக்குச் சேர்ந்தது. 'அமெரிக்கஸ்' என்ற ஆறாம் எண் வண்டிக் குழுவின் தலைவனாக இருந்தவன் வில்லியம் டுவீடு. அந்த வண்டியில் வரைந்திருந்த புலி, பிறகு டாமனி ஹால் எனும் அரசியல் கூடாரத்தின் சின்னமாயிற்று. நகரத்தின் கருவூலத்தையே சூறையாடிய கூட்டத்தின் தலைவன் அரசியலில் ஏறிய முதற்படி, தீயணைப்பு வண்டியின் படி!

1841-ஆம் ஆண்டில் பால் ஹாட்ஜ் என்பவர் நீராவியால் இயங்கும் தீயணைப்புப் பொறி ஒன்றை அந்நகரில் உருவாக்கினார். செலவு செய்தவை காப்பீட்டு நிறுவனங்கள். எரியும் பொருளுக்கு ஈடு கட்டுவோர் அல்லவா? அவர்களுக்கு அவசரம்! தொண்டர் குழுக்களோ அந்தப் பொறியை வெறுத்தன. பத்துப் பேர் கைவலிமை செய்வதை ஒரு கொதிகலன் செய்துவிட்டால், பத்துப் பேருக்கு அங்கே என்ன வேலை? பொறி கனமானது, ஆபத்தானது என்று ஒதுக்கினார்கள். 1853-இல் சின்சினாட்டி நகரம் நீராவிப் பொறியை ஏற்றுக்கொண்டு முன்னே சென்றது. மாநகரம் நியூயார்க் பின்னே நின்றது. இயந்திரம் இல்லாமல் அன்று; இயந்திரத்தை விரும்பாத அதிகாரம் இருந்ததால்.

அந்த அதிகாரத்தின் உச்சத்தை 1863-இல் பார்த்தார்கள். உள்நாட்டுப் போருக்குக் கட்டாயமாக ஆள் எடுக்கும் சட்டம் வந்தது. 300 டாலர் கட்டினால் போருக்குப் போக வேண்டாம்! பணக்காரன் பணம் கட்டினான்; ஏழையின் பெயர் குலுக்கலில் விழுந்தது. கலகம் வெடித்தது. ஜூலை 13-ஆம் நாள் ஆள்சேர்ப்பு அலுவலகத்தைத் தாக்கித் தீ வைத்தவர்களில் முன்னின்றவர் யார் தெரியுமா? 'பிளாக் ஜோக்' என்று பெயர் பெற்ற 33-ஆம் எண் தீயணைப்புக் குழுவினர்! தீயை அணைக்க வேண்டிய கை தீயை வைத்தது. அந்த வெறி அத்துடன் நின்றதா? சட்டம் செய்தவன் மீது பாய வேண்டிய சினம், சட்டத்தில் பங்கே இல்லாத கறுப்பின மக்கள் மீது பாய்ந்தது. அவர்களின் அனாதைக் குழந்தைகளுக்கான விடுதியையும் கும்பல் கொளுத்திற்று. அவ்விடத்தில் தீயை அடக்கப் போராடியவர்களில் தொண்டர் படையின் தலைமைப் பொறியாளர் ஜான் டெக்கரும் ஒருவர் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரே படை; ஒரே சீருடை. ஒரு கை கொளுத்திற்று. ஒரு கை அணைத்திற்று. ஆகவே வண்டியைப் பார்த்து மட்டும் எவரையும் எடை போடாதே!

1865-இல் தொண்டர் முறை ஒழிந்து, ஊதியம் பெறும் படை வந்தது. நீராவிப் பொறிகளைக் குதிரைகள் இழுத்தன. பிறகு உயர்ந்த கட்டடங்கள் மீது நீர் பாய்ச்சும் கோபுர வண்டி வந்தது. 1908-இல் மன்ஹாட்டன் தெருக்களுக்கு அடியில் உயர் அழுத்த நீர்க்குழாய்கள் ஓடின. மோட்டார் வண்டிகள் ஒவ்வொன்றாக நுழைந்தன. 1922 டிசம்பர் 20-ஆம் நாள் புரூக்ளினில் குதிரைகளின் கடைசி ஓட்டம் நடந்தது. மக்கள் திரண்டு நின்று வழியனுப்பினார்கள். குதிரைக்கு நன்றி சொல்லத் தெரிந்த நகரம்!

இதற்கிடையில் இன்னொரு தீ. டிரையாங்கிள் எரிந்து பத்துத் திங்களும் நிறையவில்லை. 1912 ஜனவரி 9. கடுங்குளிர். பாய்ச்சிய நீர் பனிக்கட்டியாக உறைகிறது. எரிவது 'ஈக்விடபிள்' என்னும் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தின் மாளிகை. அதன் அடித்தளத்தில் பாதுகாப்புப் பெட்டகக் கூடம். கோடிக்கணக்கான டாலர் மதிப்புள்ள பத்திரங்கள் அங்கே. அந்தக் கூடத்தை நடத்திய நிறுவனத்தின் தலைவர் வில்லியம் கிப்ளின் உள்ளே சிக்கிக்கொண்டார். பணத்தைக் காப்பதற்காக வைத்த இரும்புக் கம்பிகள், பணத்தின் காவலரையே சிறைப்பிடித்தன!

செனகா லார்க் எனும் தீயணைப்பு வீரர் பனித்தரையில் குப்புறப் படுத்தார். மேலே எரியும் மாளிகை எந்த நொடியும் சரியலாம். கையில் ஒரு சிறு இரும்பறுக்கும் வாள். அறுத்தார், அறுத்தார், ஒரு மணி நேரத்துக்கும் மேலாக அறுத்தார். கம்பி அறுந்தது, கிப்ளின் பிழைத்தார்.

மூன்றாண்டு கழித்து, 1915 மார்ச்சில், 'மீட்புப் படை 1' பிறந்தது. உலகின் பல நகரங்கள் பின்னர்ப் பின்பற்றிய சிறப்புப் படை அது. முதல் வண்டி ஒரு காடிலாக் மோட்டார் கார். அதில் புகையினூடே மூச்சு விடும் தலைக்கவசங்கள், இரும்பறுக்கும் கருவிகள், தேர்ந்தெடுத்த வீரர்கள்.

தோழா, கிப்ளின் பிழைத்ததில் எனக்கு வருத்தமில்லை. அவர் உயிரும் உயிர்தான். லார்க் ஒரு செல்வரைக் காக்கப் படுக்கவில்லை. ஒரு மனிதரைக் காக்கப் படுத்தார். அந்த மீட்புப் படையும் பிறகு செல்வன், வறியன் என்று பாராமல் எத்தனையோ உயிர்களைக் காத்தது. ஆனால் இரண்டு தீயையும் அருகருகே வைத்துப் பார். அங்கே கம்பிக்குப் பின்னால் ஒருவர். அவருக்காக ஒரு மணி நேரம் வாள் அறுத்தது. இங்கே பூட்டிய கதவுக்குப் பின்னால் நூற்றுக்கு மேற்பட்டோர். அந்தப் பூட்டை முந்திய நாளே அறுத்திருக்க வேண்டியது சட்டம். வீரனின் வாள் தன் கடமையைச் செய்தது. அரசின் வாள் உறையில் உறங்கிற்று. 146 பேர் கருகிய பிறகே விசாரணைக் குழு வந்தது. கதவைப் பூட்டாதே, வழியை அடைக்காதே என்ற சட்டங்கள் வந்தன. தீயணைக்கும் கருவிகளில் சிறந்தது எது என்று என்னைக் கேட்டால், 'பூட்டாத கதவு' என்பேன்!

அடுத்து வருகிறான் அரக்கன். 1965-ஆம் ஆண்டு அந்நகரப் படையில் சேர்ந்த 'சூப்பர் பம்பர்'!

அதன் அருமையை ஒளிக்க மாட்டேன். வடிவமைத்தவர் வில்லியம் பிரான்சிஸ் கிப்ஸ். கப்பல் கட்டும் கலையில் பெயர் பெற்றவர். அட்லாண்டிக்கை அதிவேகத்தில் கடந்த 'யுனைடெட் ஸ்டேட்ஸ்' கப்பலைப் படைத்தவர். கட்டிக் கொடுத்தது மாக் நிறுவனம். உள்ளே இருந்தது நேப்பியர் டெல்டிக் எனும் ஆங்கிலேய டீசல் பொறி. கடற்படைப் படகுகளையும் இரயில்களையும் ஓட்டியது. 18 உருளைகள், ஒவ்வொன்றிலும் எதிரெதிராக இரண்டு உந்துதண்டுகள், 2,400 குதிரைத் திறன். நிமிடத்துக்கு 8,800 கேலன் நீரைப் பேரழுத்தத்தோடு இறைக்கும். தெருக்குழாய்கள் பலவற்றில் ஒரே நேரத்தில் வாய் வைத்துக் குடிக்கும். போதாவிட்டால் ஆற்றிலேயே வாய் வைக்கும். அதற்குத் துணையாகப் பெரும் பீரங்கி போல் நீர் உமிழும் வண்டி ஒன்று. 'சேட்டிலைட்' என்று மூன்று துணை வண்டிகள். மொத்த விலை 8,75,000 டாலர். பல வண்டிகள் சேர்ந்து செய்யும் வேலையை ஒன்றே செய்தது. கிடங்குகளும் துறைமுகங்களும் எரிந்தபோது அதன் முன் தீ தலை வணங்கிற்று.

இதற்கு ஓராண்டு முன், 1964-இல், 75 அடி உயரம் நீளும் கோபுர ஏணி வண்டியும் வந்திருந்தது. அதன் நுனியில் மனிதர் நிற்கும் கூடை. 1911-இல் இருந்திருந்தால்... என்று ஏங்க வைக்கும் கருவி.

ஆகா, அறிவியலின் வெற்றி! ஐயமில்லை. வாழ்த்துவோம். வாழ்த்திவிட்டு, பாலம் கடந்து பிராங்க்ஸுக்குப் போவோம்.

நகரின் வடபுறம் இருக்கிறது பிராங்க்ஸ். அதன் தென்பகுதியில் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தவர்களும் கறுப்பின மக்களும் நெருங்கி வாழ்ந்தார்கள். 1960-களின் இறுதியிலேயே அங்கே தீ பெருகிற்று. பழுது பார்க்காத வீடுகள், பழைய மின்கம்பிகள், வங்கிகள் கடன் தர மறுத்த தெருக்கள், காப்பீட்டுப் பணத்துக்காகத் தம் கட்டடத்தையே கொளுத்தச் செய்த உடைமையாளர் சிலர். எஞ்சின் 82 என்ற நிலையத்தில் பணிபுரிந்த டென்னிஸ் ஸ்மித், ஓய்வின்றி ஓடிய அந்த நாட்களை 1972-இல் ஒரு நூலாகவே எழுதினார்.

தீ பெருகும் இடத்தில் என்ன செய்ய வேண்டும், தோழா? பள்ளிப் பிள்ளையைக் கேள். வண்டியைக் கூட்ட வேண்டும் என்பான். 1972 முதல் நியூயார்க் செய்தது என்ன? வண்டியைக் குறைத்தது!

நான் கல்லூரியைப் பாதியில் விட்டவன். அவர்களோ பெரும் பட்டம் பெற்றவர்கள். ராண்ட் என்னும் ஆய்வு நிறுவனம் நகர ஆட்சியோடு கைகோத்துக் கணக்குப் போட்டது. கணிப்பொறியும் கணிதச் சூத்திரமும் பேசின. ஒரு வண்டி நிலையத்திலிருந்து தீ எரியும் இடத்துக்குப் போக எத்தனை நிமிடம் என்பதை அளந்தார்கள். போக்குவரத்து நெரிசல் அந்த நேரத்தைப் பெரிதாக மாற்றாது என்று கொண்டார்கள். ஏழைப் பகுதிகளில் நிலையங்கள் அடுத்தடுத்து இருந்தன. ஏன்? தீ மிகுதி, ஆகவே நிலையம் மிகுதி. சூத்திரமோ, 'அருகருகே இருக்கின்றனவே, சில மிகை' என்றது. முதல் வண்டி முந்திய தீயில் போராடிக்கொண்டிருக்கும்போது அடுத்த தீக்கு யார் போவார் என்ற கேள்விக்கு அந்தச் சூத்திரத்தில் உரிய இடம் இல்லை. நோயாளி மிகுந்த ஊரில் மருத்துவர் மிகுந்திருக்கிறார், ஆகவே மருத்துவரைக் குறை என்பது எவ்வளவு அழகான கணக்கு!

பட்டம் பெறாத என் அறிவுக்கு எட்டும் இந்த உண்மை அவர்கள் அறிவுக்கு எட்டவில்லையா? எட்டியிருக்கும். யார் வீதி என்பதுதான் அங்கே விடையை எழுதிற்று என்பது என் எண்ணம்.

வெறும் எண்ணம் என்று தள்ளிவிடாதே. 1976-இல் அந்நகரின் வீட்டு வசதித் துறைத் தலைவராக இருந்த ரோஜர் ஸ்டார், 'திட்டமிட்ட சுருக்கம்' என்றொரு கொள்கையை வெளிப்படையாகவே முன்வைத்தார். தேய்ந்துவரும் ஏழைப் பகுதிகளிலிருந்து நகரப் பணிகளை விலக்கிக்கொண்டால், மக்கள் தாமே வெளியேறுவார்கள். பணம் மிச்சமாகும் என்பது அதன் சாரம். தண்ணீர் ஊற்றாமல் விட்டால் செடி தானே பட்டுப்போகும் அல்லவா? வெட்டிய பழி தோட்டக்காரனுக்கு வராது!

1970-க்கும் 1980-க்கும் இடையில், பிராங்க்ஸில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வட்டங்களுள் ஏழு, தம் கட்டடங்களில் நூற்றுக்கு 97-க்கு மேல் தீக்கும் கைவிடலுக்கும் இழந்தன. 44 வட்டங்கள் பாதிக்கு மேல் இழந்தன. நிலையங்களை மூடியது ஒன்றே இதற்குக் காரணம் என்று சொல்ல மாட்டேன். காரணங்கள் பல என்று முன்னரே சொன்னேன். ஆனால் வீடு எரியும்போது கொளுத்தியவன் ஒருவன் என்றால், குடத்தை எடுத்து ஒளித்தவன் குற்றமற்றவனா?

'பணம் இல்லையே! 1975-இல் நியூயார்க் நகரமே திவாலாகும் நிலைக்கு வந்ததே!' என்று வாதிடுவோர் உண்டு. உண்மை, வந்தது. இல்லாமை வந்தால் செலவைச் சுருக்கத்தான் வேண்டும். ஆனால் வீட்டில் அரிசி குறைந்தால் தாய் முதலில் தன் தட்டில் குறைப்பாள். நோயுற்ற குழந்தையின் கஞ்சியில் குறைக்க மாட்டாள். ஆட்சி எந்தத் தட்டில் முதலில் கை வைக்கிறது என்பதில்தான் அது தாயா, மாற்றாந்தாயா என்பது தெரியும்.

மக்கள் என்ன செய்தார்கள்? வாய்மூடிக் கிடந்தார்களா?

புரூக்ளினில், வில்லியம்ஸ்பர்க்கின் வடபகுதியில் ஒரு சிறு நிலையம்: எஞ்சின் 212. போலந்து, இத்தாலிய வழிவந்த உழைப்பாளிகள் வாழ்ந்த மரவீட்டுத் தெருக்களுக்கு அதுவே காவல். 1975 நவம்பரில் அதையும் மூட ஆணை வந்தது. அந்த இரவு ஊர் திரண்டது. பெண்களும் முதியவரும் குழந்தைகளும் நிலையத்துள் நுழைந்தார்கள். 'வண்டி வெளியே போகக் கூடாது!' என்று அதன் முன் நின்றார்கள். அன்று தொடங்கிய காவல் ஒரு நாள், இரு நாள் அன்று. ஏறத்தாழ 16 திங்கள்! முறை வைத்து அங்கேயே உண்டார்கள், அங்கேயே உறங்கினார்கள். 'மக்கள் தீயணைப்பு நிலையம்' என்று பெயரிட்டார்கள். 1977-இல் நகர ஆட்சி இறங்கி வந்தது; தீயணைப்புப் பணி அங்கே திரும்பிற்று.

இதை நான் நாடகமாக எழுதியிருந்தால், 'இப்படியும் நடக்குமா? வண்டியை மக்கள் சிறை வைப்பார்களா?' என்று விமரிசகர் சிரித்திருப்பார். நடந்தது, தோழா! 8,75,000 டாலர் வண்டியைக் காக்க எவரும் படுத்து உறங்கவில்லை. தம் தெருமுனையில் நின்ற சாதாரண வண்டியைக் காக்கப் பதினாறு திங்கள் படுத்து உறங்கினார்கள். எந்த வண்டி தமக்கு உயிர் தரும் என்பதை மக்கள் அறிவார்கள். மாலை இடுவோர்தாம் அறியமாட்டார்கள்.

அந்தச் 'சூப்பர் பம்பர்' என்ன ஆயிற்று? 1982-இல் ஓய்வு பெற்றது. அதனிடத்தில் இன்னொரு பேரரக்கனை அவர்கள் நிறுத்தவில்லை. ஆற்றல் மிகுந்த இறைப்பு வண்டிகளையும் 'சேட்டிலைட்' துணை வண்டிகளையும் இணைத்து, நகரின் பல பகுதிகளில் பரப்பி வைத்தார்கள். பெரிய ஒன்று தொலைவில் நிற்பதைக் காட்டிலும், போதிய சில அருகில் நிற்பது மேல் என்பதை அரக்கனை வாங்கியவர்களே ஒப்புக்கொண்டார்கள்!

இன்னும் ஒரு காட்சி. 2001 செப்டம்பர் 11. இரட்டைக் கோபுரங்கள் எரிந்தன. எந்த ஏணியும் எட்டாத உயரம். ஏணி எட்டாத இடத்துக்கு மனிதர் ஏறினார்கள். கருவிகளைத் தோளில் சுமந்து, படிப்படியாக. ஐந்து மீட்புப் படைகளும் தம் வீரரை இழந்தன. மாண்ட தீயணைப்புப் படையினர் 343 பேர். உலகம் அழுதது. ஆட்சியாளர் சிலைக்குச் சொற்களை மாலையாகத் தொடுத்தார்கள், 'மாவீரர்' என்றார்கள்.

இரண்டாண்டு நிறையவில்லை. 2003 மே. மேயர் மைக்கேல் புளூம்பர்க் ஆட்சி, வரவு செலவில் பற்றாக்குறை என்று சொல்லி, ஆறு எஞ்சின் படைகளை மூடிற்று. அந்த ஆறில் ஒன்று எது, தெரியுமா?

எஞ்சின் 212.

பதினாறு திங்கள் படுத்துக் காத்த மக்களின் வண்டி! 1975-இல் முடியாததை 2003-இல் முடித்துவிட்டார்கள். வீரனுக்கு மாலை, வீரனின் வண்டிக்குப் பூட்டு. டிரையாங்கிள் கதவில் தொங்கிய பூட்டு, தொண்ணூற்றிரண்டு ஆண்டு பயணம் செய்து, தீயணைப்பு நிலையத்தின் கதவுக்கே வந்து சேர்ந்தது!

தோழா, வெற்றி ஒருமுறை பெற்றால் போதும், பிறகு வீட்டுக்குப் போய் உறங்கலாம் என்று நினைப்போர்க்கு இந்த முடிவு ஒரு சவுக்கடி. உரிமையை ஓர் இரவு காத்தவன் வென்றவன் ஆகான். தொடர்ந்து காத்து நிற்பவனே வென்றவன்.

இயந்திரத்தை நான் பழிக்கவில்லை. 1841-இல் நீராவியைப் பழித்த கூட்டத்தில் என்னைச் சேர்க்காதே. உயர்ந்த ஏணி வேண்டும். உரம்மிக்க இறைப்பான் வேண்டும். அறிவியல் தரும் அத்தனையும் வேண்டும். ஆனால் அவற்றை எங்கே நிறுத்துவது என்பதை அறிவியல் சொல்லாது, அரசியல்தான் சொல்லும். அந்த அரசியலைச் சிலரிடம் ஒப்படைத்துவிட்டு நாம் விலகி நின்றால், வண்டி மாளிகையின் வாசலில் நிற்கும். தீ நம் கூரையில் நிற்கும்.

ஆகவே, புதிய வண்டிக்கு மாலை சூட்டும் விழாவுக்கு உன்னை அழைத்தால், செல். கைதட்டு, அதில் தவறில்லை. கைதட்டி முடித்ததும் எழுந்து நின்று மூன்றே மூன்று கேள்வி கேள். என் தெருவுக்கு இது எத்தனை நிமிடத்தில் வரும்? இது வேறொரு தீக்குப் போயிருந்தால், அடுத்தது எங்கிருந்து வரும்? நான் வேலை செய்யும் இடத்தின் கதவு பூட்டாமல் இருக்கிறதா என்று பார்த்தவர் யார்?

விடை சொன்னால் வாழ்த்து. விழித்தால், 1911-ஆம் ஆண்டின் அந்த மாலையை அவர்களுக்கு நினைவூட்டு. ஆறாவது மாடியில் நின்றுபோன ஏணியைக் காட்டு. அதற்கு மேலே, சாளரத்தின் விளிம்பில் கைகோத்து நின்ற அந்தப் பெண்களைக் காட்டு.

அந்த ஏணிக்குக் குறைந்த இரண்டு மாடி உயரத்தைக் கட்டி முடிக்க வேண்டியவர்கள் நாம்.